கேஷ், காசு: ஒரு திருத்தம்

"ஜிபே வேலை செய்யல, கேஷா குடுங்கண்ணே." கடையம் டீக்கடையில் இதைக் கேட்கும்போது கேஷ் என்பது இங்கிலீஷ் என்றே யாருக்கும் தோணாது. காசு, கேஷ் ரெண்டும் அவ்வளவு பக்கத்தில் ஒலிக்குது.

அந்த நம்பிக்கையில்தான் போன வருஷம் அண்ணன் மகளின் பேச்சுப்போட்டிக்கு, "ஆங்கிலேயரின் கேஷ் நம் காசிலிருந்து போனது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். நல்ல கைதட்டல், பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த வரி தப்பு. சரியாச் சொன்னா, பாதி தப்பு.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் ஐரோப்பாவிலேயே பிறந்தது. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி; இத்தாலியில் அது காஸ்ஸா. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டிக்கும் அதில் கிடக்கும் பணத்துக்கும் அதே பேர். நம்மூரில் "கல்லா எவ்வளவு ஆச்சு?" என்று பெட்டியைச் சொல்லிப் பணத்தைக் கேட்கிறோமே, அதே கதைதான்.

அப்போ காசு? அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கு, வேறு வழியாக. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதைக் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றுதான் பேர்! குழப்பத்துக்குக் கேட்கவா வேணும்? அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், சில்லறை நாணயத்தைக் கேஷ் என்றார்கள். ஆக, அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டில் ரெண்டு சொல். நடுவில் ஓட்டைபோட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலத்தில் கேஷ்தான். நம்ம சொல் சீனக் காசுக்கே பேராகி இருக்கு. இதை விட்டுட்டு நான் பொய்யைப் போய் எழுதியிருக்கேன்.

சென்னையில் கம்பெனிக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க்கு மாறும்வரை இதுதான். 10 காசு, 20 காசு நாணயங்களை இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் அப்படிக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' இங்கிலீஷ் கரையைத் தாண்டுமுன்பே மூழ்கிப்போச்சு. 1980-களில் அள்ளிய அந்தக் காசுகள் இப்போ சேகரிப்பாளர்கள் கையில்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை; 1956 வரை மலையாள ராஜ்ஜியம். திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பெருக்கினால் ரூபாய்க்கு 448 காசு.

எல்லாத்தையும் அண்ணன் மகளிடம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப அந்தப் பரிசைத் திருப்பிக் குடுக்கணுமா சித்தப்பா?" என்றாள்.