சுர்மாவில் உள்ள ஈயம் குழந்தையின் நரம்புகளை என்ன செய்கிறது?

உம்ரா முடித்துத் திரும்புகிறவர்களின் பெட்டியில் ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம், அத்தரோடு ஒரு சிறிய சுர்மாக் குப்பியும் பெரும்பாலும் இருக்கும். பெருநாளன்றும் ஜும்ஆவுக்குப் போகும்போதும் ஆண்கள் இட்டுக்கொள்கிறார்கள். கண் பெரிதாகும், பார்வை தெளிவாகும் என்று பச்சிளங் குழந்தைகளுக்கும் வீட்டுப் பெரியவர்கள் இட்டுவிடுகிறார்கள். கடைகளில் விற்கும் இந்தக் கறுப்புப் பொடிகளைப் பல நாடுகளில் ஆய்வுக்கூடங்கள் சோதித்துப் பார்த்தபோது, அவற்றில் பல ஈய சல்ஃபைடு என்ற தாதுவை அரைத்துச் செய்தவை என்று தெரிந்தது. தூய நிலையில் அந்தத் தாதுவின் எடையில் 86 சதவீதத்துக்கும் மேல் ஈயம்தான். இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் இத்தகைய சுர்மா விற்பனைக்கு அனுமதி இல்லை.

ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். அது வேறு உலோகம். இங்கே நாம் பேசுவது காரீயம். இரண்டுக்கும் நம் பேச்சில் ஒரே பெயர் இருப்பதால் 'ஈயம் உடம்புக்கு நல்லதுதானே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரீயத்தால் மனித உடலுக்கு எந்தப் பயனும் கிடையாது.

அது நரம்பில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நரம்பு செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நரம்பு செல்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. ஒரு செல்லின் முனைக்கு மின்துடிப்பு வந்ததும் அங்குள்ள வாசல்கள் திறந்து, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் சைகை. உடனே, சிறு பைகளில் காத்திருக்கும் ரசாயனத் தூதுப்பொருள் இடைவெளியில் கொட்டப்பட்டு அடுத்த செல்லைப் போய்ச் சேர்கிறது. நாம் பார்ப்பது, நடப்பது, மனப்பாடம் செய்வது எல்லாமே இந்தப் பரிமாற்றத்தால் நடக்கிறது.

நரம்பு நஞ்சுகளில் பல இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன. நல்ல பாம்பின் நஞ்சு, தசையில் தூதைப் பெற்றுக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடுகிறது. கட்டுவிரியன் நஞ்சு, தூது அனுப்பும் நரம்பு முனையையே சிதைக்கிறது. வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து, வேலை முடிந்த தூதுப்பொருளை அப்புறப்படுத்தும் நொதியை முடக்கிவிடுகிறது. மூன்றுமே சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்தக்கூடியவை. அதனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஈயம் அப்படி யாரையும் ஓட வைப்பதில்லை.

ஈயத்தின் தந்திரம் ஆள்மாறாட்டம். அதன் மின்னூட்டம் கால்சியத்தைப் போன்றதே. அதனால் கால்சியம் நுழைய வேண்டிய வாசலில் ஈயம் நின்றுகொள்கிறது. துடிப்பு வந்தபோது போக வேண்டிய தூது குறைகிறது. உள்ளே நுழைந்துவிட்ட ஈயமோ, துடிப்பே வராதபோதும் தூதுப்பொருளைக் கசிய வைக்கிறது. சொல்ல வேண்டியது போகாமல், சொல்லாதது போய்ச் சேரும் நிலை. கற்றலுக்கும் நினைவாற்றலுக்கும் அடிப்படையான ஒரு வகை ஏற்பிகளையும் அது தடுக்கிறது. நரம்பு இழைகளின் மேலுறையையும் பாதிக்கிறது. முற்காலத்தில் ஈயச் சாயம் பூசிய பெயின்டர்களுக்கு மணிக்கட்டு தொங்கிப்போனது இப்படித்தான்.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் விஷயத்தில் கவலைப்படக் காரணங்கள் உண்டு. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவாகவோ உறிஞ்சினால், சிறு குழந்தையின் உடல் பாதி வரை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையிடம் இது இன்னும் கூடும். ரத்தத்தில் உள்ளவற்றை வடிகட்டி மூளைக்குள் அனுப்பும் தடுப்பு அந்த வயதில் முழுமையடைந்திருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, முதல் சில ஆண்டுகளில் மூளை தேவைக்கு அதிகமான இணைப்புகளை உண்டாக்கி, பயன்படுபவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறது. எது பயன்படுகிறது என்று மூளை அறிவது அந்தத் தூதுகளின் போக்குவரத்தை வைத்துத்தான். கணக்கே தவறாக எழுதப்பட்டால் நீக்கலும் தவறாகத்தானே நடக்கும்?

கண்ணில் இட்டது வயிற்றுக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். கண்ணீர் மூக்குக்கும் அங்கிருந்து தொண்டைக்கும் வடிகிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கிறது. அவ்வளவே போதும். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த ரத்தத்துக்கும் கணக்கிட்டால் சுமார் 40 மைக்ரோகிராம். தூள் உப்பில் ஒரு துகளின் எடை, அவ்வளவுதான். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே அந்நிறுவனத்தின் நிலைப்பாடு.

அளவு மிகக் கூடினால் என்ன ஆகும் என்பதை நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலம் 2010-ல் கண்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கிராமங்களில் ஈயம் கலந்த தங்கத் தாதுவை மக்கள் வீடுகளிலேயே உடைத்து அரைத்தார்கள். தூசி முற்றமெங்கும் படிந்தது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. மலேரியா என்று பெற்றோர் நினைத்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மரணங்கள் பெருகிவிட்டன. 5 வயதுக்கு உட்பட்ட 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சுர்மா இந்த அளவுக்குக் கொண்டுபோவது அரிது. அது செய்வது, பள்ளியில் கவனம் நிற்காத, படித்தது தங்காத பிள்ளையை உருவாக்குவது. அதற்குச் சுர்மாவை யார் சந்தேகிப்பார்கள்?

சுன்னத்தான ஒன்றையா குறை சொல்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். நபி (ஸல்) அவர்கள் 'இஸ்மித்' என்ற சுர்மாவைப் பரிந்துரைத்த அறிவிப்புகள் திர்மிதி, இப்னு மாஜா போன்ற நூல்களில் உள்ளன. இஸ்மித் என்பது பொதுவாக அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமணித் தாது என்றே அறியப்படுகிறது. ஈயத் தாதுவும் அதைப் போலவே கருஞ்சாம்பல் நிறத்தில் மினுங்கும். பார்வையால் பிரித்தறிவது கடினம். 'இஸ்மித்' என்று எழுதி விற்கப்பட்டவற்றிலும் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஆக, குறை சுன்னத்தின் மீதல்ல, குப்பியில் அடைத்து விற்பவரின் சரக்கின் மீது. விளக்குக் கரியில் செய்யும் வீட்டு மையில் ஈயம் இல்லைதான். ஆனாலும் கிருமித் தொற்று வரும் என்பதால் கைக்குழந்தையின் கண்ணில் எதையும் இட வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

'பிறகு மருந்து கொடுத்துச் சரிசெய்து கொள்ளலாம்' என்பதற்கும் இடமில்லை. ஈயத்தை ரத்தத்திலிருந்து வெளியேற்றும் சக்சிமர் என்ற மருந்தை அமெரிக்காவில் 780 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் சோதித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் முன்னேற்றம் இல்லை. எலும்பில் தங்கிய ஈயமோ பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். பெண் குழந்தையாக இருந்தால், அவள் வளர்ந்து கருவுறும் காலத்தில் அதில் ஒரு பகுதி மீண்டும் ரத்தத்துக்கு வந்து வயிற்றுக் குழந்தையை அடையும்.

இதுவரை சுர்மா இட்டுவந்த குழந்தை என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். ரத்தத்தில் ஈய அளவைக் காட்டும் பரிசோதனை பெரிய ஆய்வுக்கூடங்களில் கிடைக்கிறது. ரத்தசோகை, தொடர்ந்த வயிற்றுவலி, மலச்சிக்கல், பேச்சுத் தாமதம் என்று மருத்துவரிடம் போகும்போது சுர்மா இடும் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது. முடிந்தால் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.