ஒரே படகு, ரெண்டு கடல்

"முடியைக் கழட்டுடா" என்று நான் டைப் செய்ததும் நண்பனிடமிருந்து கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒற்றை வார்த்தையில், "ஏன்?"

கேள்வி நியாயமானதுதான். செகண்ட் லைஃப் உலகத்துக்கு அவன் புதுசு. முதல் நாளே அவதாருக்குத் தோள் வரை முடி, சங்கிலி, மினுக்குற செருப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் கூப்பிட்டது பாய்மரப் படகில் போக. முடிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்வதற்கு முதலில் காற்றிலிருந்து தொடங்கணும்.

செகண்ட் லைஃப் 2003-இல் லிண்டன் லேப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மெய்நிகர் உலகம். விளையாட்டு என்று சொல்லலாம், ஆனால் ஜெயிக்க ஒன்றுமில்லை. அங்கே இருக்கும் வீடு, சட்டை, படகு பெரும்பாலும் பயனர்களே செய்தவை. ப்ளேக் ஸீ என்று ஒரு கடல் பகுதி உண்டு. படகோட்டிகள் அங்கேதான் அதிகம் சுற்றுவார்கள்.

அந்த உலகத்தில் காற்று என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. ஒரு ஸ்க்ரிப்ட் கேட்டால், இந்த இடத்தில் இப்போது காற்று இந்தத் திசை, இந்த வேகம் என்று சர்வர் எண் கொடுக்கும். ஆனால் அது நிலையில்லாத காற்று. சின்ன தூரத்திலேயே திசை மாறும். அதை நம்பிப் பாய் விரித்தால் படகு பம்பரம் மாதிரி சுத்தும். அதனால் நிறைய படகுகள் தங்கள் காற்றைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. மேற்கிலிருந்து இத்தனை வேகம் என்று நாம் சொன்னால், அந்தப் படகுக்கு மட்டும் மேற்குக் காற்று. பக்கத்தில் போகிறவர் படகில் அதே நேரத்தில் தெற்குக் காற்று அடிக்கலாம்! போட்டி என்றால் மட்டும் எல்லாப் படகுக்கும் ஒரே காற்றைக் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சண்டை வரும்.

பாய் என்பது வெறும் படம்தான், அதில் எந்தக் காற்றும் மோதுவதில்லை. ஸ்க்ரிப்ட் கணக்குப் போடுகிறது. காற்றே இல்லாத நாளில் பைக்கில் போனாலும் முகத்தில் காற்று அடிக்குமே, அந்த மாதிரி படகின் சொந்த வேகத்தையும் வெளிக்காற்றையும் கூட்டி, படகில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று பார்க்கிறது. அதற்கு ஏற்ற கோணத்தில் பாய் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. இருந்தால் படகை முன்னால் தள்ளுகிறது. நேராகக் காற்றுக்குள் மூக்கை விட்டால், நிஜப் படகு போலவே தள்ளுவது நின்றுவிடும். ஏறக்குறைய 45 டிகிரி விலகி, வலதும் இடதுமாக வளைந்து வளைந்துதான் எதிர்க்காற்றில் முன்னேற முடியும்.

நண்பனுக்கு இது புரிய இருபது நிமிஷம் ஆச்சு. "அங்க தெரியுற தீவுக்கு நேரா போக வேண்டியதுதானே?" என்று சுக்கானைத் திருப்பித் திருப்பி நடுக்கடலில் நிறுத்தினான். நான் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எனக்கு இவன் பைக் கற்றுக்கொடுத்ததும் இப்படித்தான்.

சரி, முடி விஷயம்.

அந்த உலகம் ஒரே நிலம் கிடையாது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக வெட்டி ஒட்டியது. ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனி சர்வர் நிரல் ஓட்டுகிறது. மணிக்கு பத்து கடல் மைல் வேகத்தில் போனால் ஏறக்குறைய ஐம்பது நொடிக்கு ஒரு எல்லை வரும். கண்ணுக்கு அங்கே கோடு எதுவும் தெரியாது, அலை ஒரே மாதிரி ஓடும். ஆனால் உள்ளே நடப்பது ஒரு வீட்டைக் காலி செய்து அடுத்த வீட்டுக்குக் குடி போகிற வேலை. படகை மூட்டை கட்டி அடுத்த சர்வருக்கு அனுப்பணும். என்னை அனுப்பணும். அவனைத் தனியாக அனுப்பணும். நாங்கள் மாட்டியிருப்பதில் ஓடுகிற ஒவ்வொரு ஸ்க்ரிப்டும் அதன் நினைவகத்தோடு கூடவே போகணும். தலைமுடிக்குள்ளேயே அளவை மாற்றுகிற ஸ்க்ரிப்டுகள் இருப்பது சகஜம். அதனால்தான் அனுபவஸ்தர்கள் படகேறும் முன் நகை, செருப்பு, முடி எல்லாவற்றையும் கழட்டச் சொல்வார்கள்.

இந்த மாற்றம் நடக்கிற நேரத்தில் நம் கணினி சும்மா இருப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து, படகு இப்போது இங்கேதான் இருக்கும் என்று ஊகித்துத் திரையில் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஊகம் நீண்டால் படகு தண்ணீருக்குள் முங்கும், இல்லை ஆகாயத்தில் ஏறும். எல்லைக்கு முன்னால் சுக்கானை நேராக்கு, கோட்டைக் குறுக்காகக் கட, கடந்ததும் கொஞ்சம் பொறு, நாலு சதுரம் சேரும் மூலைப் பக்கம் போகவே போகாதே. இதெல்லாம் அங்குள்ள மாலுமி சாஸ்திரம். என்னைக் கேட்டால் அந்தக் கடலின் நிஜமான வானிலையே இதுதான். காற்றை நாம் வைத்துக்கொள்ளலாம், எல்லையை வைத்துக்கொள்ள முடியாது.

அவன் முடியைக் கழட்டலை. நானும், தெரிந்தே, குறுக்குவழி என்று மூலையை வெட்டிப் போனேன். ஒரு மாற்றம் முடிவதற்குள் அடுத்தது.

படகு ஒரு தடவை குதித்துச் சரியானது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், முடி பறந்துகொண்டிருந்தது. தப்பிச்சோம் என்று நினைத்துப் பழைய ஹாஸ்டல் கதை ஒன்றை டைப் செய்தேன். பதில் இல்லை. இன்னொன்று. அதற்கும் இல்லை. கோபமோ என்று பார்த்தால், தனிச்செய்தியில் வருகிறது: "டேய், எங்கடா போன?"

"உன் பக்கத்துலதான்டா உட்கார்ந்திருக்கேன்."

"நான் கடலுக்கு அடியில நிக்கிறேன். படகையே காணோம்."

பொது உரையாடல் அங்கே 20 மீட்டருக்குள்தான் கேட்கும். நான் சொன்ன கதை எதுவும் அவனுக்குப் போகவில்லை. என் திரையில் இருந்தது அவனுடைய கடைசிச் செய்தியை வைத்து என் கணினி காப்பாற்றி வைத்திருந்த உருவம். ரெண்டு பேர் திரையில் எது உண்மை என்று கேட்டால், சர்வரில் இருப்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை நாம் யாரும் நேரில் பார்ப்பதில்லை. எப்போதுமே கொஞ்சம் பழைய தகவலும் மீதி ஊகமும்தான் பார்க்கிறோம். எல்லாம் ஒழுங்காகப் போகும்போது ரெண்டு ஊகமும் ஒத்துப்போவதால் ஒரே படகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

நேரில் பார்த்து ஆறு வருஷமான நண்பன். ஒரு வெற்று உருவத்திடம் அரை நிமிஷம் மனசுவிட்டுப் பேசியிருக்கிறேன் என்பது சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. ஃபோனில் சிக்னல் போனது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பது போலத்தான். ஆனால் அங்கே எதிரில் உருவம் இருக்காதே.

டெலிபோர்ட் அனுப்பினேன். அவன் வந்து சேர்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் மறைந்தான். வந்தவன் தலையில் முடி இல்லை.

"கழட்டிட்டேன். இப்ப அந்த ஹாஸ்டல் கதையைச் சொல்லு."