எந்த அமிலம், எத்தனை நிமிடம்?

முகூர்த்த மாதம் நெருங்கினால் மணப்பெண்களின் பேச்சில் ஃபேஷியலோடு ‘பீல்’ என்ற பெயரும் இப்போது அடிபடுகிறது. மேல்தோலின் உச்சியில் தேங்கியிருக்கும் செத்த செல்களை அமிலத்தால் தளர்த்தி உதிர்ப்பதுதான் கெமிக்கல் பீல். தோல் இதைத் தானாகவே செய்துகொள்ளும். ஆனால், அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும்.

இது புதிய வித்தை அல்ல. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் உன்னா 1882லேயே சாலிசிலிக் அமிலம், பீனால் போன்றவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவிட்டார். கரும்பிலிருந்தும் கிடைக்கும் கிளைகாலிக் அமிலம், பாலில் உருவாகும் லாக்டிக் அமிலம் போன்றவற்றின் மேல் கவனம் திரும்பியது 1974இல். செதில் செதிலாகத் தோல் தடிக்கும் நோய்க்கு அவை உதவுவதை அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர் காட்டினார்கள். நோய்க்கு வந்த மருந்து பிறகு அழகுக்கும் வந்தது.

தோல் மருத்துவரின் அறையில் இது நடக்கும் விதத்தைப் பார்த்தால் இதற்கு எவ்வளவு கவனம் தேவை என்று புரியும். முகத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைக்கிறார்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களில் வாசலின் தடவுகிறார்கள், அமிலம் அங்கே தேங்கிவிடாமலிருக்க. நெற்றியில் தொடங்கி கன்னம், தாடை என்று பிரஷ் நகர்கிறது. ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கிளைகாலிக் என்றால் சில நிமிடங்கள்தான்; முகம் சீராகச் சிவந்ததும் சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறிக்கிறார்கள். எங்காவது வெள்ளை பூத்தால் அந்த இடத்தை உடனே முறிக்க வேண்டும். அமிலம் ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஆழம்தான் நமக்குப் பெரிய விஷயம். மாநிறத் தோல் காயத்துக்குக் கருமையால் பதில் சொல்லும். மங்கு போக வேண்டும் என்று போனவருக்குப் புண் ஆறிய இடமெல்லாம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம். வெள்ளைத் தோலுக்கு எழுதிய அளவை அப்படியே இங்கே போடக் கூடாது. மெல்லிய பீலை இடைவெளி விட்டுப் பலமுறை செய்வதே பாதுகாப்பு. ஆழமான பீனால் பீல் நிறத்தையே நிரந்தரமாக வெளுக்கச் செய்யலாம். இதயத் துடிப்பையும் தடுமாற வைக்கலாம்.

ஆன்லைனில் பாட்டில் வாங்கி வீட்டில் பூசுவது இன்னும் கவலைக்குரியது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் இத்தகைய பீல்களைப் போட வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024இல் எச்சரித்தது. வீட்டு உபயோகத்துக்கு கிளைகாலிக், லாக்டிக் போன்ற ‘பழ அமிலங்கள்’ 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள நிபுணர் குழுவின் வரம்பு.

பீல் செய்த முகம் வெயிலைத் தாங்காது; சன்ஸ்கிரீன் கட்டாயம். உரியும் தோலைப் பிய்க்கவே கூடாது. பருவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாண வாரத்தில் முதல் பீல் வேண்டாம். சில மாதங்களுக்கு முன்பே தொடங்கினால், ஏதாவது கறுத்தாலும் ஆற அவகாசம் இருக்கும். பீலுக்குப் படுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எரிச்சல் அடங்காவிட்டால் இரவில் யாரைக் கூப்பிடுவது?