தனியார் சட்டமும் பொது உடன்பாடும்

கொள்கையால் வேறுபட்டோர் ஒரே நாட்டில் கூடி வாழ்ந்தாக வேண்டும். அனைத்திலும் அவர்கள் உடன்படுதல் அரிது. எனினும், எதில் வேறுபடுகிறோம் என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளவும், எதிர்த்தரப்பாரின் அச்சத்தை மதித்து விடைகூறவும் இயலும். 1948 நவம்பர் 23 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் நிகழ்ந்த விவாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

நாடு முழுமைக்கும் ஒரே சீரான உரிமையியல் சட்டம் அமைய அரசு முயல வேண்டும் என்னும் வரைவுப் பிரிவு அன்று சபைமுன் வந்தது. அதுவே இன்றைய 44ஆம் பிரிவு. தமக்கெனத் தனியார் சட்டமுடைய எந்தச் சமுதாயத்தையும் அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு திருத்தம் கொணர்ந்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் அவர் அதனைக் கோரவில்லை என்பது கருதத்தக்கது. சென்னை மாகாணத்தின் போக்கர் சாகிபும் மகபூப் அலி பேக் சாகிபும் அக்கருத்தை வலியுறுத்தினர். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் நாட்டின் ஒருமைப்பாட்டை முன்னிறுத்தி மறுத்துரைத்தனர்.

இறுதியில் பேசிய டாக்டர் அம்பேத்கர் திருத்தங்களை ஏற்கவில்லை. முஸ்லிம் சட்டம் எங்கும் ஒரே சீராக இருந்ததில்லை என்பதற்கு, வட மலபாரில் முஸ்லிம்களிடையேயும் நிலவிய மருமக்கத்தாய முறையை அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அத்துடன் அமைந்துவிடவில்லை. சட்டம் இயற்றப்பட்டாலும், அதற்குக் கட்டுப்பட விரும்புவதாக உறுதிமொழி அளிப்போர்க்கு மட்டுமே அது பொருந்தும் என எதிர்கால நாடாளுமன்றம் தொடங்கலாம் என்றார். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தையே அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, தத்து, மரண சாசனம் ஆகியவற்றில் உறுதிமொழி அளித்தவரையும் அவருடைய உரிய வயதடையாத பிள்ளைகளையும் அவர்தம் வழித்தோன்றல்களையுமே கட்டுப்படுத்தும்.

திருத்தங்கள் தோற்றன, எனினும் ஒரு பொதுத்தளம் புலப்பட்டது. சட்டம் இயற்றும் அதிகாரம் வேறு, அதனைத் திணித்தல் வேறு என்பதே அத்தளம். ஒரு தரப்பார் அஞ்சியது திணிப்பை. மறுதரப்பார் காக்க விழைந்தது அதிகாரத்தை. இரண்டையும் பிரித்து நோக்கியபோது இணக்கத்திற்கு இடம் பிறந்தது. விரும்புவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் இத்தகையதே.

ஆனால் சபையில் உரைத்த நல்லெண்ணம் சட்டமாகாது. தனியார் சட்டங்களில் சீர்திருத்தம் தேவை என்றும், சீரான சட்டம் அந்நிலையில் தேவையுமன்று, விரும்பத்தக்கதுமன்று என்றும் 2018இல் சட்ட ஆணையம் தன் கலந்தாய்வு அறிக்கையில் கூறியது. 2025 ஜனவரியில் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, பழங்குடியினரை விலக்கி, ஏனையோர் அனைவரையும் அவரவர் விருப்பம் கேளாமலே கட்டுப்படுத்துகிறது.

ஆகவே இன்று இருதரப்பாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை உள. சீர்திருத்தம் வேண்டுவோர், இசைவின்றி அது நிலைக்குமா என்று எண்ண வேண்டும். தனியார் சட்டத்தைக் காப்போர், அதன் பெயரால் நிகழும் அநீதிகளைக் களைய நாமே முன்வந்தோமா என்று எண்ண வேண்டும். இவ்விரு வினாக்களையும் ஒரே அவையில் பகைமையின்றி எழுப்ப முடியுமாயின், அன்று தொடங்கிய உரையாடல் இன்னும் முறிந்துவிடவில்லை எனலாம்.