உங்களுக்குத் தெரியுமா? கடைசி நாளில் விழுந்த வீட்டோ
அமெரிக்காவின் 4-வது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன், 'அரசியல் சாசனத்தின் தந்தை' என்று பெயரெடுத்தவர். சாசனத்தில் எழுதப்படாத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது என்பது அவருடைய கட்சி. அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 1791-ல் தேசிய வங்கியைக் கடுமையாக எதிர்த்தார். வங்கியின் உரிமம் 1811-ல் காலாவதியானது. மறு வருடமே பிரிட்டனோடு போர். கடன் வாங்கக்கூட அரசு திண்டாடியது. விளைவு, 1816-ல் 3.5 கோடி டாலர் மூலதனத்தில் இரண்டாவது வங்கி. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் அதே மேடிசன்! நாடு நெடுங்காலம் ஏற்று நடந்த ஒன்றைச் செல்லாது என்று இனிச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். கொஞ்சம் சௌகரியமான வாதம்தான்.

ஆள் மாறிவிட்டார் என்று நம்பிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), புதிய வங்கி அரசுக்குத் தரவிருந்த 15 லட்சம் டாலரையும் பங்கு லாபத்தையும் சாலை, கால்வாய்களுக்கு ஒதுக்கி மசோதா நிறைவேற்றியது. காங்கிரஸ் உறுப்பினர் கால்ஹூன் கொண்டுவந்த மசோதா அது. சாலையும் கால்வாயும் தேவை என்று 1815 டிசம்பரில் காங்கிரஸுக்கு எழுதியவரே மேடிசன்தான். ஆனாலும், 'முதலில் சாசனத்தைத் திருத்துங்கள்' என்று, பதவியின் கடைசி நாளான 1817 மார்ச் 3 அன்று மசோதாவை வீட்டோ செய்து, அதாவது ஒப்புதல் மறுத்து, திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டோவை முறியடிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பிரதிநிதிகள் சபையில் தேறவில்லை.