அந்நியர் சண்டையில் நியாயம் யார் பக்கம்?

'பாபிலோன் 5' தொடரில் வோர்லான், ஷாடோ என்று ரெண்டு பழைய வல்லரசுகள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குள் போர் நடந்திருக்கு. நடுவில் மாட்டிக்கொண்டு அழிவது இளைய இனங்கள். யார் பக்கம் நியாயம்னு ரசிகர்கள் வாதாடுவோம்.

இதே கதை நம்ம கரையிலும் நடந்திருக்கு. செங்கல்பட்டுக் கோட்டையை 1752ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் பிடித்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே டச்சுக் கோட்டை இருக்கிற சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே, 1782 பிப்ரவரி 17ல் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. எதுக்கு? அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியிருந்தது. சண்டை அங்கே, குண்டு இங்கே!

அப்போ நம்மாளுங்க வெறும் அப்பாவிகளா? அப்படியும் சொல்ல முடியாது. கர்நாடகப் போர்களில் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களோடும், முகமது அலி ஆங்கிலேயரோடும் கூட்டு. 1782ல் ஹைதர் அலி பிரெஞ்சுப் பக்கம். ஆனா கூட்டு சேர்ந்தது ஆட்சியாளர்கள்தான்; நெசவாளியையும் மீனவரையும் யாரும் கேட்கலை.

அதனால வேற்றுக்கிரகப் போர்க்கதை படிக்கும்போது நான் முதலில் கேட்பது, யார் சரி என்பதல்ல. யார் மண்ணில் சண்டை, அந்த மண்ணின் ஆட்களை யாராவது கேட்டாங்களா? அதைக் கேட்டுட்டா, ரெண்டு பக்க நியாயமும் கொஞ்சம் சுருங்கித்தான் தெரியுது.