யாழ்ப்பாணப் பாசி: தீவகக் கடலில் கிடக்கும் உணவு

1834இல் கல்கத்தாவில் ஓர் அயர்லாந்து மருத்துவர் ஒரு கடற்பாசியைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார். பெயர் வில்லியம் புரூக் ஓஷோனசி. கொலரா நோயாளியின் இரத்த நாளத்துக்குள் உப்புநீர் ஏற்றலாம் என்று 1831இலேயே யோசனை சொன்னவர் இவர்தான். பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரே. இவர் கைக்குக் கிடைத்த அந்தப் பாசியை வணிகர்கள் இரண்டு பெயர்களில் விற்றார்கள்: இலங்கைப் பாசி, யாழ்ப்பாணப் பாசி. உலர்ந்த பாசியின் எடையில் பாதிக்கு மேல் வெந்நீரில் பசையாகக் கரையும் பொருள் என்று அவர் கண்டார். 1874இல் லண்டனில் வெளிவந்த புளூக்கிகர், ஹன்பரி இருவரின் மருந்துப்பொருள் நூலிலும் யாழ்ப்பாணப் பாசிக்குத் தனி இடம் இருக்கிறது.

நம் ஊரின் பெயரைத் தாங்கி ஐரோப்பிய மருந்துக்கடை வரை போன பொருள் இது. இன்று யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாசியின் விஞ்ஞானப் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். எடுலிஸ் என்றால் உண்ணத்தக்கது. சிவப்புப் பாசி இனம் என்றாலும் பார்வைக்குச் சிவப்பாக இராது. மங்கிய ஊதா, தவிட்டு நிறம், சில வேளை பச்சை கலந்த மஞ்சள். நூல் நூலாகக் கிளைவிட்டு, ஆழங்குறைந்த கடலில் சிப்பி ஓட்டிலும் கல்லிலும் பற்றி வளரும். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், மண்டபம் பக்கத்தில் இதற்குக் கஞ்சிப்பாசி என்று பேர். கஞ்சி காய்ச்சிக் குடித்ததால் வந்த பேர் அது. இலங்கைக் கடற்பாசிகளை முறையாகத் தொகுத்து எழுதிய துரைரத்தினம் அவர்களின் ஆய்வு 1961இல் இலங்கை மீன்பிடி ஆய்வு நிலைய வெளியீடாக வந்தது. நம் கரையில் என்ன முளைக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு அது இன்றும் முதற்படி.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். சோளகக் காற்றில் கரையில் குவியும் சாதாளை முழுவதும் பாசியல்ல. அதில் பெரும்பங்கு கடற்புல். கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதையும் உண்டு. அது கடலுக்குள் போய்க் குடியேறிய தரைத் தாவரம். பாசிக்கு இவை எதுவும் இல்லை. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டும் இருக்கும். உணவை உடம்பு முழுவதாலும் நீரிலிருந்து உறிஞ்சும். சாதாளையைத் தோட்டத்துக்குப் பசளையாக அள்ளலாம். உண்பதற்கென்றால் கடலில் உயிரோடு நிற்கும் பாசியை இனங்கண்டு எடுக்க வேண்டும். கரையொதுங்கி அழுகியதைத் தொடவே கூடாது.

தீவகத்தார் பாசி உண்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாம் விரும்பிச் சாப்பிடும் ஓரா மீன் பாசியும் கடற்புல்லும் மேய்ந்து வளர்வதுதான். ஓரா வழியாகப் பாசியின் சத்து நம் சட்டிக்குள் எப்போதோ வந்துவிட்டது.

சரி, நேரே உண்டால் என்ன கிடைக்கும்? இங்கேதான் யூடியூப் வைத்தியர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடற்பாசியில் இறைச்சிக்கு நிகரான புரதம் என்பார்கள். ஜப்பானியர் சோற்றுக்குச் சுற்றும் நோரிப் பாசியின் உலர் எடையில் 47 வீதம் வரை புரதம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு நோரித் தாளின் எடை ஏறக்குறைய 3 கிராம். கணக்குப் போட்டால் ஒரு தாளில் ஒன்றரைக் கிராம் புரதம்கூடத் தேறாது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கஞ்சிப்பாசியில் புரதம் நோரியைவிடக் குறைவு. புரதத்துக்காகப் பாசி தேடுவது வீண் வேலை.

பாசியின் உண்மையான செல்வம் நார்ப்பொருளும் கனியுப்பும். உலர் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை நார்ப்பொருளாக இருக்கும். தரைக் காய்கறியில் கிடைக்கும் நாரில் பெரும்பகுதி நீரில் கரையாதது. பாசியின் நாரோ பெரும்பாலும் நீரை உறிஞ்சிப் பசையாகும் வகை. கஞ்சிப்பாசியில் அந்தப் பசையின் பெயர் ஏகார். வயிற்றுக்குள் அது உணவைப் பிடித்துவைத்து, சீனி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. 2005இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், உடற்பருமனோடு நீரிழிவோ அதன் முன்நிலையோ உள்ள 76 பேரில் ஒரு பகுதியினர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏகார் களி சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் அவர்கள் சராசரி 2.8 கிலோ குறைந்தார்கள். வழமையான உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவர்களுக்குக் குறைந்த எடை சராசரி 1.3 கிலோதான். சிறிய ஆய்வு, இதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் சோறும் பிட்டும் இடியப்பமுமாக மாவுச்சத்தை நம்பி வாழும் நமக்கு இது அக்கறையுடன் கவனிக்க வேண்டிய சேதி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாசியின் பசையைச் செரிக்கும் நொதியம் மனித உடலில் கிடையாது. ஆனால் ஜப்பானியர் சிலரின் குடலில் வாழும் பற்றீரியா நோரியின் பசையை உடைக்கக் கற்றிருக்கிறது. அந்தக் கலையின் மரபணு கடற்பாசியில் ஒட்டி வாழும் கடற் பற்றீரியாவிடமிருந்து வந்தது என்று 2010இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை காட்டியது. பச்சையாகப் பாசி உண்ட தலைமுறைகள் குடலுக்குள் ஒரு புதிய குடிவரவை நடத்தியிருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர் குடலில் அது காணப்படவில்லை.

கனியுப்பைப் பொறுத்தவரை உலர்ந்த பாசியை எரித்தால் எஞ்சும் சாம்பலே எடையில் 20 முதல் 40 வீதம். கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம், இரும்பு எல்லாம் அதில் அடக்கம். சோடியமும் அடக்கம் என்பதை இரத்த அழுத்தக்காரர் மறக்கக் கூடாது. அயடீனில்தான் பாசிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்கிரோகிராம் போதும். குளிர்கடலில் வளரும் கொம்பு என்ற தவிட்டுப் பாசியில் ஒரு கிராமிலேயே 2000 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கலாம். நோரியில் ஒரு கிராமுக்குச் சுமார் 16. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். மேலதிகமாக நாம் மீனும் சாப்பிடுகிறோம். ஆகவே அயடீனுக்காகப் பாசி உண்ண வேண்டிய தேவை தீவகத்தாருக்கு இல்லை. தைரொயிட் நோயாளிகள் வெளிநாட்டிலிருந்து வரும் பாசிப் பொடிப் பொதிகளை மருத்துவரைக் கேட்காமல் திறக்கவே வேண்டாம்.

சைவ உணவுக்காரருக்கும் ஒரு வார்த்தை. விற்றமின் பி12 நோரியில் உண்மையாகவே உண்டு. எல்லாப் பாசியிலும் அப்படியில்லை. கடைகளில் குளிசையாக விற்கும் ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். அதே வேளை, ஏகார் சைவக்காரருக்குக் கிடைத்த பெரிய வரம். கடை ஜெலியின் ஜெலற்றின் மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஏகார் முழுக்கத் தாவர வழி. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடற்பாசி இனிப்பு இந்த ஏகாரில்தான் உறைகிறது.

ஏகாரின் குணம் விசித்திரமானது. அதைக் கரைக்க ஏறக்குறையக் கொதிநிலை வேண்டும். ஆனால் ஆறி 40 பாகைக்குக் கீழே போனால்தான் உறையும். உறைந்த பிறகு நம் வெயிலுக்கு இளகவே இளகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நெடுந்தீவு வெயிலில் நிற்கக்கூடிய களி வேறெது? 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பற்றீரியா வளர்க்க ஜெலற்றினைப் பயன்படுத்தித் திண்டாடினார்கள். கோடையில் அது உருகி ஓடியது. அங்கு பணியாற்றியவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸ தன் சமையலறையில் இருந்த ஏகாரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். இன்றும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது ஏகார்தான்.

வீட்டில் காய்ச்சும் முறை சிக்கலானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கின்றன. சோளகத்தில் அலை அடித்துப் பிரிக்கும் பாசியைச் சேகரித்துப் பாயில் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவைத்து, நன்னீரில் பல தடவை அலசி, மறுபடி வெயிலில் போடுவார்கள். நிறம் வெளுத்து வைக்கோல் போலாகிவிடும். பிறகு ஊறவைத்து, நீரில் கொதிக்கவைத்து, துணியில் வடித்தால் ஆறும்போது தானாக உறையும். பனங்கட்டிப் பாகும் தேங்காய்ப் பாலும் சேர்த்தால் ஏலக்காய் வாசத்தோடு நல்ல களி. ஒடியற் கூழைத் தடிப்பாக்கவும் வெளுத்த பாசி கொஞ்சம் சேர்க்கலாம். மீன், நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் கிடக்கும் சட்டிக்குள் பாசி ஒன்றும் அந்நியமாகத் தெரியாது என்பது என் எண்ணம்.

தீவகத்தின் உண்மையான தடை நன்னீர். பாசியை வெளுக்க வாளி வாளியாக நல்ல தண்ணீர் வேண்டும். கோடையில் குடிக்கவே படகிலும் பவுசரிலும் நீர் எதிர்பார்க்கும் ஊர்களில் இது சிறிய விடயமல்ல. முதல் இரண்டு அலசலைச் சுத்தமான கடல்நீரில் செய்து மண்ணையும் சிப்பியையும் நீக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மாரிகாலத்தில் சேமித்த மழைநீரை ஒதுக்கலாம். பாசித் தொழிலைப் பற்றிப் பேசுபவர்கள் மழைநீர்த் தொட்டியைப் பற்றியும் சேர்த்துப் பேச வேண்டும்.

பச்சையாகச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு 1991 ஏப்ரலில் பசுபிக் தீவான குவாமில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கு மக்கள் வழமையாக உண்டுவந்த ஒரு கிராசிலேரியாவை, கஞ்சிப்பாசியின் மிக நெருங்கிய உறவை, உண்ட 13 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். பாசியில் பொலிகவேர்னோசைட் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதன்மேல் ஒட்டி வளர்ந்த நீலப்பச்சைப் பற்றீரியா அதை உண்டாக்கியிருக்கலாம் என்பது சந்தேகம். அரிதிலும் அரிதான சம்பவம்தான். என்றாலும் கடல்நீர் மாறும்போது பழகிய பாசியும் மாறலாம். அதோடு பாசி நீரில் உள்ள எதையும் உறிஞ்சும். ஈயம், கட்மியம், ஆசனிக் உட்பட. ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் நச்சு ஆசனிக் அதிகம் என்று 2004இல் பிரித்தானிய உணவுத் தர முகவரகம் அதை உண்ண வேண்டாம் என்று அறிவித்தது. யாழ் நகரக் கழிவு கலக்கும் களப்போரத்திலும் இறங்குதுறை எண்ணெய் மிதக்கும் இடத்திலும் எடுத்த பாசி உணவுக்கு ஆகாது.

இப்போது வடக்கில் அதிகம் பேசப்படுவது கஞ்சிப்பாசியல்ல, கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் வழி வந்த இனம். கயிற்றில் கட்டி விட்டால் 45 நாளில் அறுவடை. சுமார் பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. நீருயிரின வளர்ப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான நெக்டாவின் ஊக்கத்துடன் பூநகரி வலைப்பாடு போன்ற இடங்களில் வளர்க்கிறார்கள். தீவகக் கரைகளும் கணக்கில் இருக்கின்றன. காய்ந்த பாசி கப்பலேறிப் போய் கராஜினன் என்ற பசையாகி, ஐஸ்கிரீமாகவும் பற்பசையாகவும் திரும்பி வரும். பொதியில் ஈ407 என்று போட்டிருந்தால் அதுதான், ஈ406 ஏகார்.

பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று செய்யக்கூடிய வேலை, படகுக்கும் எண்ணெய்க்கும் செலவு குறைவு என்பதால் கப்பாபைகஸை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அக்கரை அனுபவத்தையும் பார்க்க வேண்டும். மண்டபத்தில் 1990களின் நடுவில் கொண்டுவந்த இந்த இனம், குருசடைத் தீவின் உயிர்ப் பவளப்பாறைமேல் படர்ந்து மூடியதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நமக்கும் பவளப்பாறை உண்டு. மாரி மழையில் களப்பின் உப்புத்தன்மை சரிந்தால் கப்பாபைகஸ் தாங்காது. ஒரு பருவ முதல் அப்படியே போய்விடும். காய்ந்த பாசியை மட்டும் விற்கும்வரை விலையைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்பதும் உண்மை. கடலட்டைப் பண்ணைகளால் 2021இல் கௌதாரிமுனையில் எழுந்த சச்சரவு, கரைக்கடலை யாருக்கு, எவ்வளவு பங்கிடுவது என்ற கேள்வியை நமக்கு விட்டுப் போயிருக்கிறது. பாசிக் கயிறுகளும் அதே கடலைத்தான் கேட்கின்றன.

என் தீர்ப்பு இது: தீவகம் முதலில் தன் சொந்தக் கஞ்சிப்பாசியைக் கையில் எடுக்க வேண்டும். அது இந்தக் கடலுக்கே உரியது, மனிதர் உண்ணத்தக்கது, ஏகாராகக் காய்ச்சினால் உள்ளூரிலேயே வாங்குவோர் உண்டு. இயற்கையாக நிற்பதை வேரோடு பிடுங்குவது போல் வழித்தெடுக்காமல், நுனியைக் கிள்ளிக் கயிற்றில் கட்டி வளர்க்கலாம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு மாதர் சங்கங்கள் முயல விரும்பினால் பெரிய இயந்திரத்துக்கு விண்ணப்பிக்க முன் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: மழைநீர்த் தொட்டி, மண்படாத உலர்த்தும் பந்தல், பார உலோகத்துக்கும் கிருமிக்கும் பரிசோதித்த ஆய்வுகூட அறிக்கை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத்துக்குத் தனித்துறை இருக்கிறது, கதவைத் தட்டுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பாசியை யாருக்கும் விற்க வேண்டாம்.